ஐந்துக்கு ஐந்து மீட்டர் வானம்

என் ஸ்கூட்டரின் இருக்கைக்கு அடியில் ஒரு மஞ்சள் நைலான் கயிறும் நான்கு இரும்பு முளைகளும் கிடக்கின்றன. ஆவணிக்குப் பிறகு அவற்றை நான் தொடவில்லை. பெட்ரோல் போட இருக்கையைத் தூக்கும்போதெல்லாம் காய்ந்த சேற்றின் வாடை முகத்தில் அடிக்கும். வேறு யாருக்கும் அது வெறும் மண்வாடை. எனக்கு அது ஒரு வயலின் வாடை.

நான் ஓர் அலுவலகத்தில் பயிர் விளைச்சல் எடுக்கிறவன். அறுவடைக்கு முன் ஓர் ஊரில் நான்கு இடங்களில் மட்டும் ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் சதுரமாக முளையடித்துக் கயிறு கட்டுவோம். கயிற்றுக்குள் நிற்கும் கதிரை அறுத்து, அடித்து, தூற்றி, எடை போடுவோம். அந்த எடையைப் பெருக்கினால் ஊர் முழுவதும் என்ன விளைந்தது என்று வந்துவிடும். விளைச்சல் பொய்த்த ஊருக்கு இழப்பீடு உண்டா இல்லையா என்பதும் அந்த நான்கு சதுரங்களில்தான் இருக்கிறது. எந்த வயல், வயலுக்குள் எந்த இடம் என்பதை நான் முடிவு செய்யக் கூடாது. மேலிருந்து வரும் தாளில் சர்வே எண் இருக்கும். தென்மேற்கு மூலையிலிருந்து நீளத்தில் இத்தனை எட்டு வைத்து நடக்க வேண்டும், அகலத்தில் இத்தனை எட்டு என்றும் இருக்கும். எல்லாம் குலுக்கிப் போட்டு எடுத்த எண்கள். ஒருவனுடைய விருப்பமும் சோம்பலும் உள்ளே புகுந்துவிடக் கூடாது என்பதற்காகவே அந்த ஏற்பாடு.

என் சோம்பல் புகுந்தது. பதினேழு வருடமாகப் புகுந்துகொண்டிருந்தது.

மகள் பதினொன்றாம் வகுப்பு. பள்ளியில் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு தலைப்பை எடுத்துக்கொண்டு வகுப்பின் முன் நின்று பேச வேண்டும். அவளுக்கு விழுந்தது, பிரபஞ்சத்தில் எத்தனை விண்மீன் மண்டலங்கள், அது எப்படித் தெரியும் என்பது. ஒரு வாரம் வீட்டில் வேறு பேச்சில்லை.

"நம்ம தெங்குல எத்தன தேங்கா கெடக்குன்னு கேட்டா தெரியாது. கேலக்ஸி எண்ணப் போறா எனக்க மோளு," என்றாள் என் மனைவி. அவள் குழித்துறைக்காரி. கேலி செய்யும்போது அந்த ஊர்ப் பேச்சு இன்னும் கொஞ்சம் தூக்கலாக வரும்.

"எண்ணல்லம்மா. மதிப்பு போடுதது."

"ரெண்டும் ஒண்ணுதான். தப்பா எண்ணுனா மதிப்பு."

மகள் என் பையிலிருந்த மாதிரி நெல்லில் ஒரு மணியை எடுத்துக் கையை நீட்டிப் பிடித்தாள். "அப்பா, இந்த நெல்லுக்க நுனி தெரியுதா? வானத்துல அவ்வளவு எடம். அங்க ஒண்ணுமே இல்ல, வெறும் இருட்டுன்னுதான் நெனச்சிருந்தாவ. அந்த எடத்த மட்டும் ஒரு டெலஸ்கோப் நாள்கணக்குல பாத்துக்கிட்டே இருந்துச்சு. ஏறக்கொறைய பத்தாயிரம் கேலக்ஸி தெரிஞ்சுது."

"அதுக்கு?"

"முழு வானத்துல அந்த மாதிரித் துண்டு ஒரு கோடியே முப்பது லட்சம். பெருக்குங்க."

பெருக்கினேன். பதின்மூவாயிரம் கோடி. பெருக்குவது எனக்குக் கைவந்த வேலை.

"அந்த ஒரு துண்டுல நெறைய இருந்து மத்த எடத்துல இல்லாமப் போனா?" என்று கேட்டேன். இதைக் கேட்டவன் நான்தான். நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

"அந்தச் சந்தேகம் அவங்களுக்கும் வந்துச்சு. வானத்துக்க மறுபக்கமும் போய்ப் பாத்தாவ. அங்கயும் ஏறக்கொறைய அப்பிடியேதான்." சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று நிமிர்ந்தாள். "அப்பா! இது நீங்க செய்யுததுதானே! முளையடிச்சு, கயிறு கட்டி!"

"ஆமா, அதேதான்," என்றேன்.

"அப்ப எனக்க மொத ஸ்லைடு நீங்க. வயலுக்குள்ள கயிறு கட்டிட்டு நிக்குத போட்டோ. எங்க அப்பா ஊருக்குச் செய்யுதத அவங்க வானத்துக்குச் செய்யுதாவன்னு ஆரம்பிப்பேன். சனிக்கிழம நானும் வாறேன்."

பதினேழு வருடத்தில் என் வேலையைப் பற்றி ஒருவர் இவ்வளவு சந்தோஷப்பட்டுப் பேசியதில்லை. நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன்.

அந்தச் சனிக்கிழமையாவது நான் தாளில் இருந்த வயலுக்குப் போயிருக்கலாம். அந்த ஊரின் நான்கு இடங்களில் மூன்றை முந்தின வாரமே முடித்திருந்தேன். மிச்சம் ஒன்று. அது கடைவரம்பில், வாய்க்காலின் கடைசித் தண்ணீர் போய்ச்சேர வேண்டிய இடத்தில், ரோட்டிலிருந்து வரப்பு வழியாக ஒன்றரைக் கிலோமீட்டர் உள்ளே. மகளை ஏமாற்ற வேண்டும் என்று நான் திட்டமிடவில்லை. அதுதான் என்னை இன்றும் நடுங்க வைக்கிறது. எந்த யோசனையும் இல்லாமல் ஸ்கூட்டரை வழக்கமான இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன். ரோட்டோரம், சாயாக் கடைக்கு எதிரே, வாய்க்கால் மடையை ஒட்டிய வயல். மாடு தொழுவத்துக்குப் போவதுபோல் போனேன்.

வயல்காரர் பழக்கமானவர். அறுப்பு மெஷின் தயாராக நின்றது. மூன்று ஆட்கள் அரிவாளோடு இருந்தார்கள். "சார், மகளா? நல்லதாப் போச்சு, பிள்ளைக்கும் ஒரு சாயா சொல்லுங்க," என்றார். சாயா வந்தது, காகிதத்தில் சுற்றி எண்ணெய் சொட்டச் சொட்டப் பழம்பொரி வந்தது. வேலையை அன்று நான் மிகச் சுத்தமாகச் செய்தேன். மூலைவிட்டம் அளந்து சதுரம் சரிபார்த்தேன். கயிறு வளையாமல் இழுத்துக் கட்டினேன். மகள் எல்லாக் கோணத்திலும் படம் எடுத்தாள். அடித்துத் தூற்றியதில் பதின்மூன்று கிலோ இருநூறு. போனில் செயலியைத் திறந்து எடையைப் போட்டு, படத்தை ஏற்றினேன். செயலிக்கு ஊர் எல்லை சரியாக இருந்தால் போதும். எந்த வயல் என்று அது கேட்பதில்லை.

மகள் ஸ்லைடுக்காகத் தாளையும் படம் எடுக்கப் போனாள்.

"அப்பா, இதுல சர்வே எண் வேறயா இருக்கே?"

வயல்காரர் சிரித்தார். "மக்ளே, அதெல்லாம் மேல இருந்து சும்மா அடிச்சு விடுகதாக்கும். எங்க வெட்டுனாலும் நெல்லு நெல்லுதானே?"

நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு மட்டும் என் காதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. பல்லில் சிக்கிய நார்போல.

அப்போதுதான் வரப்பில் ஓர் அம்மாள் வேகமாக வருவதைப் பார்த்தேன். ஐம்பது வயதிருக்கும். சேலையை முழங்காலுக்கு ஏற்றிச் செருகியிருந்தாள். தூரத்திலிருந்தே, "சார், வந்துட்டியளா?" என்று கூப்பிட்டாள். முகமெல்லாம் சிரிப்பு. அருகே வந்து மூச்சு வாங்கினாள்.

"எனக்க வயலுக்க நம்பர்தான் விழுந்திருக்குன்னு சொன்னாவ. மூணு நாளா காத்துக் கெடக்கேன் சார். மெஷின்காரன் நேத்து எறங்கட்டான்னு கேட்டான். வேண்டாம், சார் வந்து வெட்டுன பொறவுதான்னு சொல்லிட்டேன். அவன் அடுத்த ஊருக்குப் போயிட்டான். வாங்க, வாங்க."

"முடிஞ்சுதும்மா," என்றேன். "ஏத்தியாச்சு."

"என்னத்த ஏத்துனிய? எனக்க வயல்ல நீங்க எறங்கவே இல்லியே?"

"ஏய், சார்கிட்ட என்ன பேச்சு இது?" என்றார் வயல்காரர். "ஊருக்கெல்லாம் சேத்து ஒரு கணக்குதான். இங்க வெட்டுனா என்ன, அங்க வெட்டுனா என்ன?"

"உமக்கென்ன அண்ணாச்சி, வாய்க்கா உம்ம வாசல்ல கெடக்கு. கதிரு வாற நேரத்துல பதினெட்டு நாள் எனக்குச் சொட்டுத் தண்ணி வரல்ல. உமக்குத் தெரியுமா அது?" பிறகு என் பக்கம் திரும்பினாள். "கையில பழம்பொரிய வச்சுக்கிட்டு எனக்க வெள்ளாமைய எழுதுனியளே சார், எத்தன கிலோன்னு எழுதுனிய?"

மகள்தான் சொன்னாள். "பதிமூணு கிலோ இருநூறு."

அந்த அம்மாள் சத்தமாகச் சிரித்தாள். "பதிமூணா! எனக்க வயல்ல வைக்கோலே அம்புட்டு வராதே மக்ளே!"

மகள் என்னைப் பார்க்கவில்லை. குனிந்து முளைகளைப் பிடுங்கினாள். கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டாள். தொங்கு தராசை எடுத்தாள். "சேச்சி, அரிவாள் இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே அந்த அம்மாளுடன் வரப்பில் இறங்கி நடந்தாள். தாள் அவள் கையிலேயே இருந்தது.

"சின்னப் பிள்ளைல்லா, போய்ப் பாத்துட்டு வரட்டும்," என்றார் வயல்காரர். "நீங்க இரிங்க சார், சாப்பாடு சொல்லியிருக்கேன்."

எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. விரலில் பழம்பொரி எண்ணெய் பிசுபிசுத்தது. கால்சட்டையில் துடைத்தேன், போகவில்லை. வாய்க்காலில் கழுவினேன், போகவில்லை. பிறகு அவர்கள் போன வழியே நடந்தேன்.

போகப் போக வயல்களின் நிறம் மாறிக்கொண்டே வந்தது. ரோட்டோரம் பொன்னிறம். பாதி வழியில் வெளிறல். கடைவரம்பில் கதிர்கள் தலை குனியாமல் நிமிர்ந்து நின்றன. குனிய உள்ளே பால் பிடித்திருக்க வேண்டுமே. காத்திருந்த மூன்று நாளில் பெய்த சாரலில் ஓரங்களில் சாய்ந்தது முளைவிட்டு, புளித்த கஞ்சிபோல நாறியது. பதினேழு வருடமாக நான் விளைச்சல் எழுதிவரும் ஊர் அது. அந்த இடத்துக்கு வந்தது அதுதான் முதல்முறை.

நான் போய்ச் சேர்வதற்குள் அவர்கள் முளையடித்து முடித்திருந்தார்கள். மகள் தாளைப் பார்த்து எட்டுகளை எண்ணியிருந்தாள். கயிறு கொஞ்சம் வளைந்திருந்தது. அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இருவரும் அறுத்தார்கள். மகளுடைய உள்ளங்கையில் இலை அறுத்து ரத்தம் கசிந்தது. அந்த அம்மாள் தார்ப்பாயை விரித்து அடித்தாள், முறத்தில் தூற்றினாள். காற்றில் பறந்து போனதுதான் அதிகம். தராசில் தொங்கவிட்டுப் பார்த்தார்கள். மூன்று கிலோ நானூறு.

"பதரு எவ்வளவு பறந்துச்சு, பாத்தியா மக்ளே? அதையும் எழுதிக்கோ," என்றாள் அந்த அம்மாள். மகள் எழுதிக்கொண்டாள்.

திரும்பும்போது வண்டியில் மகள் என் தோளைப் பிடிக்கவில்லை. பின்னால் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

வீட்டில் அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கோபித்திருப்பேன், சமாதானம் சொல்லியிருப்பேன், எப்படியோ தப்பித்திருப்பேன். நான்கு நாள் சாப்பாடு இறங்கவில்லை. சோற்றில் கை வைத்தால் எண்ணெய்ப் பிசுக்கு ஞாபகம் வந்தது. தனியாக இருக்கும்போது எனக்குள் நானே வாதாடினேன். எல்லோரும் செய்வதுதான். வேலை அவ்வளவு, ஆட்கள் இவ்வளவு. மெமோ வந்தால், மாற்றல் வந்தால் இவள் படிப்பு என்ன ஆகும்? இவளுக்காகத்தானே எல்லாம்? இந்தக் கடைசிக் கேள்விதான் என்னை மிகவும் அருவருக்க வைத்தது. ஒரு நடை நடக்கச் சோம்பியதைப் பிள்ளையின் தலையில் ஏற்றிவிட்டுத் தகப்பன் என்று பெயர் வைத்துக்கொள்கிறேன்.

புதன்கிழமை சாயங்காலம் அடுக்களையில் அவள் பேச்சைச் சொல்லிப் பார்த்தாள். கேட்பதற்கு அவள் அம்மா, தேங்காய் துருவிக்கொண்டே. நான் அடுத்த அறையில் இருந்தேன்.

"மொதல்ல கண்ணுக்குத் தெரிஞ்சத எண்ணித்தான் பெருக்குனாவ. பத்தாயிரம் கோடி, இருபதாயிரம் கோடின்னு சொன்னாவ. ஆனா டெலஸ்கோப்புக்குப் பிரகாசமா இருக்குததுதான் தெரியும். சின்னதா, மங்கலா, தூரத்துல இருக்குதது தெரியாது. தெரியாம விட்டதையும் சேத்துக் கணக்குப் போட்டு, ரெண்டு லட்சம் கோடி இருக்கும்னு சொன்னாவ. அப்பொறம் சூரியன விட்டு ரொம்ப தூரம் போன ஒரு விண்கலம், வானம் எவ்வளவு இருட்டுன்னு அளந்துச்சு. ரெண்டு லட்சம் கோடி கேலக்ஸி இருந்தா இவ்வளவு இருட்டு இருக்காது. அதனால மறுபடி கொறச்சாவ. இப்ப சில பத்தாயிரம் கோடின்னுதான் சொல்லுதாவ."

"அப்ப அவனுவளுக்குச் சரியாத் தெரியாதுன்னு சொல்லு."

"தெரியாதுன்னு அவங்களே சொல்லுதாவம்மா. முன்ன சொன்னது சரியில்லன்னும் அவங்கதான் சொன்னாவ. வேற யாரும் போய்ப் பிடிக்கல்ல."

துருவல் சத்தம் நின்றது. "ஆமா, மொத பக்கத்துல அப்பாக்க படம் போடுவேன்னியே, எங்க?"

"படம் சரியா வரல்லம்மா."

அவ்வளவுதான் சொன்னாள். குரலில் குத்தல் இல்லை. எனக்குக் காது இரண்டும் எரிந்தன.

ஒரு வெள்ளைத் தாளை எடுத்து எழுதினேன். இந்த ஊரில் இந்தச் சர்வே எண்ணுக்கு நான் ஏற்றிய எடை அந்த வயலுடையது அல்ல, வயல் இன்னும் அறுக்கப்படாமல் நிற்கிறது, மறுபடி வெட்ட வேண்டும். ஐந்தே வரி. அதை எழுதுவதற்குள் வியர்த்து நனைந்துவிட்டேன்.

மேலதிகாரி அதைப் படித்துவிட்டு என்னை ஒரு செத்த எலியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"என்னவே இது? நீரு ஒருத்தர் மொட்ட அடிச்சுக்கிட்டு நின்னா, மத்தவனுக்க தலையில இருக்குதது முடியா விக்கான்னு நாலு பேரு இழுத்துப் பாப்பான்லா?"

"வயல் நிக்குது சார். இன்னும் ரெண்டு நாள்ல எல்லாம் உதிர்ந்துரும்."

"எழுதிக் குடுத்து சீலும் அடிச்சு வாங்கிட்டீரு. இனி நான் என்ன செய்ய? சவம், வெட்டித் தொலைக்கட்டும்." பிறகு குரலைத் தாழ்த்தினார். உண்மையிலேயே எனக்கு நல்லது சொல்கிற குரல். "பிள்ளைய வயலுக்குக் கூட்டிட்டுப் போனீரே, அதாக்கும் வே நீரு செஞ்ச தப்பு."

மறுநாள் வேறொருவர் வந்து வெட்டினார். நான் வரப்பில் நின்றேன். தாளில் உள்ளபடி எட்டுகள் எண்ணி, மகள் அறுத்திருந்த சதுரத்தை ஒட்டிக் கயிறு கட்டி, எடை போட்டதில் மூன்று கிலோ நூறு. இந்த நாட்களில் முந்நூறு கிராம் உதிர்ந்திருந்தது. அந்த அம்மாள் கையெழுத்துப் போட்டாள். என் பக்கம் திரும்பவில்லை. போகும்போது மட்டும், "பிள்ளைக்க கையி ஆறுச்சா?" என்று கேட்டாள். ஆறிவிட்டது என்றேன்.

எனக்கு மெமோ வந்தது. வயலிலிருந்து எடுத்துக் கோப்புகள் பக்கம் உட்கார வைத்துவிட்டார்கள். மகளிடம் நடந்ததைச் சொன்னேன். உள்ளுக்குள் ஏதோ எதிர்பார்த்தேன். ஒரு சிரிப்பு, அல்லது தோளில் ஒரு கை.

அவள் ஒரு தாளை இழுத்தாள். "நாலு எடம்லா ஒரு ஊருக்கு? மத்த மூணு என்ன?"

"பதிமூணு, பன்னெண்டு, பதினாலு."

"அது தாள்ல உள்ள வயலா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

அவள் கூட்டினாள், நான்கால் வகுத்தாள். பத்தரை. பேனாவை வைத்தாள். பத்தரை கிலோ விளைந்த ஊருக்கு யாரும் இழப்பீடு எழுதமாட்டார்கள். அந்த அம்மாள் மெஷினைத் திருப்பி அனுப்பிக் காத்திருந்தது, உதிர உதிர நின்றது, நான் வியர்த்து வியர்த்து எழுதிய ஐந்து வரி, எல்லாம் சேர்ந்தும் அந்தப் பத்தரையை அசைக்க முடியவில்லை. மற்ற மூன்றும் ரோட்டோர வயல்கள். மூன்றையும் நான் மடை ஓரத்தில் வெட்டியிருந்தேன்.

"மறுபடி வெட்ட முடியாது, அறுத்தாச்சு மக்ளே. இப்ப வெறும் தாளுதான் நிக்குது," என்றேன். அறுத்த கதிரின் அடித்தட்டைத்தான் இங்கே தாள் என்போம்.

"அறுத்தா என்ன? அது தப்புன்னு எழுதலாம்லா?"

இரண்டாவது கடிதம் எழுதினேன். மூன்று சர்வே எண்கள், மூன்று எடைகள், மூன்றும் செல்லாது என்று. அதற்கு இன்றுவரை பதில் வரவில்லை. தை பிறந்து, அடுத்த போகமான கும்பப்பூ கதிர் விடத் தொடங்கிவிட்டது. அந்த ஊருக்கு என்ன முடிவானது என்று கேட்டால், "மேல இருக்கு" என்கிறார்கள்.

அந்தக் கடிதத்தை மடித்துக்கொண்டிருந்தபோது அவள் கேட்டாள். "இதுக்கு முன்னால எத்தன அப்பா?"

எனக்கு ஞாபகமில்லை. யாருக்கு ஞாபகம் இருக்கும்? எனக்குத் தெரிந்த ஒரே வழியில் போட்டுப் பார்த்தேன். ஒரு பூவுக்கு, அதாவது ஒரு போகத்துக்கு, மூன்று ஊர், ஊருக்கு நான்கு இடம். வருடத்துக்கு இரண்டு பூ. பதினேழு வருடம். பத்துக்கு எட்டு ரோட்டோரம் என்று வைத்தேன். அவள் கண்முன்னேயே பெருக்கினேன்.

"முந்நூத்தி இருபத்தாறு," என்றேன்.

அவள் பெருக்கலில் ஒரு வரியை விரலால் தொட்டாள். "பத்துக்கு எட்டுன்னது நீங்களா கொறச்சு வச்சதுதானே?"

"ஆமா."

"அப்ப இது கொறஞ்சபட்சம்."

"ஆமா மக்ளே," என்றேன். "கொறஞ்சபட்சம்."